மணல் குழியா, மூன்றாம் எண் கொலையாளியா?

அகிரா குரோசவாவின் சாமுராய்களையும் யசுஜிரோ ஓசுவின் குடும்பங்களையும் பார்த்து முடித்தவர்கள் ஜப்பானிய சினிமாவின் இன்னொரு பக்கத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். குற்றமும் கனவும் கலந்த, பார்ப்பவரை மயக்கிக்கொண்டே குழப்பவும் செய்கிற அறுபதுகளின் த்ரில்லர்கள். எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில் செய்ஜுன் சுசுகியின் 'பிராண்டட் டு கில்'. 1967-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். பெயரும் பெற்றது. நான் மிகவும் நேசிக்கும் படங்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் இந்த வகையில் இதுவரை ஒன்றுமே பார்த்திராதவருக்கு அதை முதல் படமாகச் சொல்ல மாட்டேன். ஏன் என்று விளக்க, முதலில் அந்தப் படத்தைப் பற்றியே பேச வேண்டும்.

நாயகன் கோரோ ஹனாதா கூலிக்கொலையாளிகளின் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருப்பவன். நடித்திருப்பவர் ஜோ ஷிஷிதோ. அறுவை சிகிச்சை செய்து கன்னங்களை உப்ப வைத்துக்கொண்ட நடிகர். ஹனாதாவுக்கு வெந்துகொண்டிருக்கும் சோற்றின் வாசனை என்றால் பித்து. ஒருவரை வாஷ்பேசினின் கழிவுக் குழாய் வழியாகக் கீழேயிருந்து சுடுகிறான். இன்னொரு கொலைக்குப் பிறகு விளம்பர பலூனைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறான். மிசாகோ என்ற பெண் மழையில் திறந்த காரை ஓட்டி வருகிறாள். கண்ணாடியில் செத்த பறவை தொங்குகிறது. அவள் தந்த வேலையில் அவன் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போது துப்பாக்கியின் தொலைநோக்கியில் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து அமர்கிறது. குண்டு தவறுகிறது. சம்பந்தமே இல்லாத ஒருவர் சாகிறார். அந்த நொடியிலிருந்து வேட்டைக்காரனே வேட்டைப் பொருளாகிவிடுகிறான்.

இப்படி வரிசையாகச் சொன்னால் கதை நன்றாகவே விளங்குகிறது. திரையில் அப்படி வருவதில்லை. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே நாம் எதிர்பார்க்கும் இணைப்புகளை சுசுகி வெட்டி எறிந்துவிடுகிறார். சுடுபவன் எங்கே நிற்கிறான், சுடப்படுபவன் எங்கே இருக்கிறான் என்பது பல இடங்களில் தெரியாது. ஒரு காட்சியில் மழையும் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் கோட்டோவியங்களாகத் திரையின் மேலேயே வந்து விழுகின்றன. படத்தொகுப்பு ஒரே நாளில் முடிந்தது. வெளியீட்டுக்கு முந்தைய நாள்தான் இறுதி வேலைகள் நிறைவடைந்தன. அந்த அவசரத்தைப் படத்தின் உடம்பிலேயே உணரலாம். ஆனால் அது அலட்சியத்தில் பிறந்த அவசரம் அல்ல.

நிக்காட்சு நிறுவனத்துக்காக 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 40 படங்களை எடுத்தவர் சுசுகி. பெரிய படத்தோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டப்படும் இரண்டாவது படங்கள் அவற்றில் பல. கொலையாளி, துரோகம், பெண், கடைசித் துப்பாக்கிச் சண்டை என்ற அச்சு அன்றைய ஜப்பானிய ரசிகருக்கு மனப்பாடம். ரசிகருக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி எதற்குக் காட்ட வேண்டும் என்று அதையெல்லாம் நீக்கிவிட்டு, மீதமிருப்பதை மட்டும் படமாக்கியவர் என்றே நான் அவரைப் புரிந்துகொள்கிறேன். அச்சு தெரிந்தவருக்கு ஒவ்வொரு வெட்டும் ஒரு துள்ளல். தெரியாதவருக்கு எது நீக்கப்பட்டது என்றே தெரியாது. ஓட்டைகள் மட்டும்தான் கண்ணில் படும்.

அந்த ஓட்டைகளைத்தான் நிக்காட்சுவின் தலைவர் கியூசாகு ஹோரியும் பார்த்தார். புரியாத படங்களை எடுக்கிறார், அவை பணம் ஈட்டுவதில்லை என்று சொல்லி 1968 ஏப்ரலில் சுசுகியை வேலையைவிட்டு நீக்கினார். சுசுகியின் படங்களைத் தொகுத்துத் திரையிட முயன்ற திரைப்படக் கழகத்துக்குப் பிரதிகளைத் தரவும் நிறுவனம் மறுத்தது. மாணவர்களும் திரைக் கலைஞர்களும் சுசுகிக்கு ஆதரவாகத் தெருவில் இறங்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். 1971-இல் சமரசம் ஏற்பட்டது. ஆனால் 1977 வரை வேறெந்த நிறுவனமும் அவருக்குத் திரையரங்குப் படம் தரவில்லை. ஒரு கலைஞனின் நாற்பதுகளும் ஐம்பதுகளும் இப்படிப் பறிபோனதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. ஹோரி செய்தது அநியாயம். ஆனால் முதல் முறை பார்க்கும் ஓர் எளிய ரசிகர் அதே 'புரியவில்லை' என்ற சொல்லோடு எழுந்து போவாரானால் அவர் மீது தவறில்லை. தவறான வரிசையில் படம் அவரிடம் தரப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

புரியாமையில் இரண்டு வகை உண்டு. யார், எங்கே, எப்போது என்ற அடிப்படைத் தகவலே பிடிபடாமல் போவது ஒன்று. நடப்பது எல்லாம் தெளிவாகத் தெரிந்தும் அதன் அர்த்தம் அடி காணாமல் ஆழமாகிக்கொண்டே போவது மற்றொன்று. முதல் வகையை ரசிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். இரண்டாம் வகைக்கு எந்தப் பழக்கமும் தேவையில்லை. கண்ணைத் திறந்து உட்கார்ந்தால் போதும். முதல் படம் இரண்டாம் வகையாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. அதனால்தான் ஹிரோஷி தேஷிகஹாராவின் 'உமன் இன் தி டியூன்ஸ்' படத்தை முன்வைக்கிறேன். 1964-இல் வந்தது. கோபோ அபே 1962-இல் வெளியிட்ட தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதினார்.

கதையை இரண்டு வாக்கியங்களில் ஒரு குழந்தைக்குக்கூடச் சொல்லலாம். வண்டு பிடிக்கக் கடற்கரை மணல் மேடுகளுக்கு வந்த ஓர் ஆசிரியர் கடைசி பஸ்ஸைத் தவறவிட, ஊர்க்காரர்கள் அவரை ஆழமான மணல் குழிக்குள் தனியாக வாழும் ஒரு விதவையின் வீட்டில் இரவு தங்க வைக்கிறார்கள். காலையில் எழுந்து பார்த்தால் கயிற்று ஏணியைக் காணோம்.

இதற்கு மேல் கதையைச் சொல்லப் போவதில்லை. இங்கே விசித்திரம் முழுவதும் ஒரே ஒரு நிபந்தனைக்குள் அடங்கியிருக்கிறது: இரவெல்லாம் மணலை வாரிக் கொட்டாவிட்டால் வீடு புதைந்துவிடும். அதை ஏற்றுக்கொண்டுவிட்டால் மற்றதெல்லாம் கண்டிப்பான தர்க்கப்படி நடக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலேயிருந்து, வேலை செய்தால் மட்டும். அள்ளிய மணல் எங்கே போகிறது? அதற்கும் விடை உண்டு, பணக் கணக்கோடு. தப்பிக்க வழி என்ன? அவர் ஒவ்வொன்றாக முயல்கிறார். ஒவ்வொரு முயற்சியையும் நாம் அடி அடியாகப் பின்தொடர முடிகிறது. சிறையிலிருந்து தப்பும் படத்தின் பதைப்பு அத்தனையும் இதில் இருக்கிறது. அதே சமயம், குழிக்கு வெளியே அவர் வாழ்ந்த வாழ்க்கை மட்டும் என்ன சுதந்திரமா என்ற கேள்வி சத்தமில்லாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. தொடக்கத்தில் பெயர்கள் வரும்போதே முத்திரைகளும் கைரேகைகளும் திரையில் வந்து போகின்றன, பின்னணியில் நகரத்து இரைச்சல். மனிதனை மனிதன் என்று நிரூபிக்க எத்தனை காகிதங்கள் வேண்டியிருக்கின்றன என்று அந்த ஆசிரியர் மணலில் படுத்துக்கொண்டு யோசிக்கிறார். இதைப் புரிந்துகொள்ள ஜப்பானைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சான்றிதழுக்காக ஏதாவதோர் அலுவலக வரிசையில் நின்றிருந்தால் போதும்.

இனி அழகு. 'ஸ்டைல்' என்ற சொல்லைக் கேட்டதும் கறுப்புக் கண்ணாடி, சிகரெட், ஜாஸ் என்று நினைவுக்கு வரலாம். தேஷிகஹாராவின் ஸ்டைல் அதுவல்ல. இகெபானா மலரமைப்பில் சோகெட்சு என்ற பள்ளியை நிறுவியவர் அவருடைய தந்தை. பிற்காலத்தில் தேஷிகஹாராவே அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். ஒரு பொருளின் மேற்பரப்பை எப்படிப் பார்ப்பது என்பதை வீட்டிலேயே கற்று வளர்ந்தவர். படம் பெரிதாக்கப்பட்ட மணல் துகள்களோடு தொடங்குகிறது. பின்னர் ஒளிப்பதிவாளர் ஹிரோஷி செகாவாவின் கேமரா தோலில் ஒட்டிய மணல், வியர்வையில் இறுகிய மணல், கூரையிலிருந்து இழையாக ஒழுகும் மணல் என்று போய்க்கொண்டே இருக்கிறது. சில இடங்களில் மணல் எது, உடம்பு எது என்று பிரித்தறிய ஒரு நொடி ஆகிறது. டோரு டாகேமிட்சுவின் இசை பாட்டாக ஒலிப்பதே இல்லை. கிறீச்சிடும் தந்திகள் மணலின் குரல் போலவே கேட்கின்றன. விதவையாக வரும் கியோகோ கிஷிதாவின் முகத்தில் பணிவும் பிடிவாதமும் எப்படி ஒன்றாகவே இருக்கின்றன என்பதைப் பார்க்க மட்டுமே இந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கலாம். ஆசிரியராக வரும் எய்ஜி ஒகாதாவின் நடிப்பும் சளைத்ததல்ல. படித்தவனின் ஆணவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை அவர் தோள்களிலேயே காட்டுகிறார்.

கான் திரைப்பட விழாவில் 1964-இல் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்ற படம் இது. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஆசியரும் இந்தப் படத்துக்காகத் தேஷிகஹாராதான். இந்த விருதுகளைச் சொல்வதன் நோக்கம், அறுபதுகளிலேயே, ஜப்பானியப் பழக்கமில்லாத அயல்நாட்டுப் பார்வையாளர்களிடமும் படம் தடையின்றிப் போய்ச் சேர்ந்தது என்று காட்டத்தான். சுசுகியை உலகம் கண்டுகொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

எதிர்வாதங்கள் உண்டு, கனமானவையும்தான். முழுப் பதிப்பு 147 நிமிடம் ஓடும். 124 நிமிடங்களாகச் சுருக்கப்பட்ட பதிப்பும் இருக்கிறது. இரண்டும் கிடைத்தால் முழுப் பதிப்பையே எடுங்கள். அந்த மனிதர் சலித்துப்போவதை நாமும் கொஞ்சம் சலித்துத்தான் உணர வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் களைப்போடு தொடங்கினால் தோற்றுவிடுவீர்கள்; விடுமுறை நாளின் பிற்பகல் இதற்கு நல்ல நேரம். யாரோடு பார்ப்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நிர்வாணமும் உடல் நெருக்கமும் உண்டு. ஊர் மொத்தமும் மேலேயிருந்து வேடிக்கை பார்க்க, முகமூடிகளும் மேளமுமாக வரும் ஒரு காட்சி இந்தப் படத்திலேயே மிகக் கொடூரமானது. ஒருவர் மீது ஒருவர் நடத்தும் வன்முறை அதில் ஒளிவுமறைவில்லாமல் வருகிறது. வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது போடுகிற படமல்ல.

திரை அளவும் முடிவைப் பாதிக்கும் விஷயம். 'பிராண்டட் டு கில்' அகலத்திரைப் படம். சுசுகி சட்டகத்தின் ஒரு மூலையில் ஆளையும் எதிர்மூலையில் ஆபத்தையும் வைப்பார். கைப்பேசியில் அது இரண்டு புள்ளிகளாகச் சுருங்கிப்போகும். 'உமன் இன் தி டியூன்ஸ்' பழைய சதுர வாக்கிலான சட்டகத்தில் எடுக்கப்பட்டது, முகங்களையும் பொருள்களையும் மிக அருகில் காட்டும் காட்சிகள் நிறைந்தது, ஆகவே சிறிய மடிக்கணினியில்கூட ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் மட்டமான பிரதி இதற்குத்தான் பெரிய எதிரி. தரம் குறைத்து அமுக்கப்பட்ட காணொளியில் மணலின் துகள்கள் கரைந்து கட்டம் கட்டமான சேறாகிவிடும். மணல் தெரியாவிட்டால் இந்தப் படமே இல்லை. சுத்தம் செய்யப்பட்ட பிரதி கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது.

இரண்டரை மணி நேரம் முடியாது, துப்பாக்கியும் இரவு நகரமும்தான் வேண்டும் என்பவர்களுக்கு என்னிடம் வேறொரு பதில் இருக்கிறது. மசாஹிரோ ஷினோதாவின் 'பேல் ஃபிளவர்', அதுவும் 1964. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கொலைக்காகச் சிறை சென்ற முராகி என்ற யாகுசா, அதாவது ஜப்பானியக் குற்றக் கும்பல்காரன், விடுதலையாகி டோக்கியோவுக்குத் திரும்புகிறான். சூதாட்ட விடுதியில் சயேகோ என்ற பணக்கார இளம்பெண்ணைச் சந்திக்கிறான். பணயம் ஏற ஏறத்தான் அவள் கண்களில் உயிர் வருகிறது. இருவரும் காதலர்கள் ஆவதில்லை. அதைவிட நெருக்கமான ஏதோ ஒன்றில் சிக்கிக்கொள்கிறார்கள். ரியோ இகேபேயின் களைத்த முகமும் மரிகோ காகாவின் பெரிய கண்களும் எதிரெதிரே இருக்கும்போது வசனமே தேவைப்படுவதில்லை.

சூதாட்டக் காட்சிகளில் ஒரு எச்சரிக்கை மட்டும். ஆட்டத்தின் விதிகளைப் புரிந்துகொள்ள முயலாதீர்கள். அங்கே கேட்க வேண்டியது ஒலி: சீட்டுகள் மோதும் சத்தம், ஆட்டக்காரர்களை அழைக்கும் குரலின் ஒரே தாளம். இங்கும் இசை டாகேமிட்சுவே. சீட்டின் ஒலி எங்கே முடிகிறது, இசை எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி நெய்திருக்கிறார். உச்சக்கட்டக் கொலையின்போது ஆயுதத்தின் ஒலிக்குப் பதில் ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹென்றி பர்செலின் பழைய ஓபெரா (இசை நாடகம்) ஒலிக்கிறது. அந்தச் சில நிமிடங்களை எவராலும் மறக்க முடியாது என்று நம்புகிறேன். இந்தப் படத்தைத் தயாரித்த ஷோசிகு நிறுவனம் இதை உடனே வெளியிடவில்லை. திரைக்கதை எழுதியவரே இது நான் எழுதிய படம் அல்ல என்று ஆட்சேபித்தார். எழுத்தில் இருந்த கதையைவிடத் திரையில் இருக்கும் இருட்டு முக்கியமாகிவிட்டது என்பதே அவருக்குக் குறை. எனக்கோ அதுதான் படத்தின் பெருமை.

'பேல் ஃபிளவர்' நடக்கும் உலகம் முற்றிலும் நிஜம். ஒரு கனவுக் காட்சியைத் தவிர விதிமீறல் எதுவும் கிடையாது. ஆனாலும் முழுப் படமும் பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல் இருக்கும். கூடுதல் லாபம் ஒன்றும் உண்டு: சிறையிலிருந்து திரும்பும் யாகுசா, கும்பல்களுக்கிடையே மாறும் கூட்டணி, கடமைக்காகச் செய்யும் கொலை ஆகிய அச்சு இதில் உடையாமல் இருக்கிறது. பின்னால் சுசுகி எதை உடைத்தார் என்பது இதைப் பார்த்தவருக்கு உடனே விளங்கும். இதை முதல் படமாகச் சொல்லத் தயங்குவதற்கு ஒரே காரணம், இதன் சோகம் நடுவயதுச் சோகம். எதிலும் ருசி இல்லாமல் போன ஒருவனின் கண் வழியாகவே உலகம் தெரிகிறது. இருபது வயதில் இது வெறும் மந்தமாகத் தோன்றக்கூடும்.

சுசுகிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் 1966-இல் வந்த 'டோக்கியோ டிரிஃப்டர்' படத்தை எடுக்கலாம். வண்ணப் படம், வெளிர்நீலக் கோட்டு சூட்டில் பாடிக்கொண்டே நடக்கும் நாயகன், மேடை நாடகம்போல மஞ்சளும் வெள்ளையுமாக மாறும் அரங்குகள். கதை மெல்லியது, கண்ணுக்கு விருந்து. ஆனால் அச்சமோ பதைப்போ அதில் குறைவு. த்ரில்லர் தேடி வந்தவரின் பசி அடங்காது.

பழைய படம் என்றாலே ஒவ்வாதவர்களுக்கு 1997 இரண்டு தேர்வுகளைத் தருகிறது. கியோஷி குரோசவாவின் 'க்யூர்': பலியானவர்கள் ஒவ்வொருவரின் உடம்பிலும் எக்ஸ் வடிவ வெட்டு, கொன்றவர்களோ ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத சாதாரண மனிதர்கள், ஏன் செய்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. விசாரிக்கும் அதிகாரியாக கோஜி யாகுஷோ. நடப்பதெல்லாம் விளங்கும், காரணம் மட்டும் கைக்கு வராது. என் இரண்டாம் வகைக்குள் கச்சிதமாக அமர்கிறது, அச்சத்திலும் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. 'உமன் இன் தி டியூன்ஸ்' கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் இதைப் போடுங்கள். சதோஷி கோனின் 'பெர்ஃபெக்ட் ப்ளூ' அனிமேஷன்; பாடகியாக இருந்து நடிகையாகும் மீமாவுக்கு நிஜம் எது, படப்பிடிப்பு எது என்று குழம்பிப்போகிறது. 81 நிமிடங்களில் மூச்சு முட்ட வைத்துவிடும். அனிமேஷன் என்பதால் இளையவர்களுக்குக் காட்டலாம் என்று நினைத்துவிட வேண்டாம். அதிலுள்ள பாலியல் வன்முறைக் காட்சி, நடிப்புக்குள் நடிப்பு என்றாலும், பெரியவர்களையே கலங்கடிக்கும்.

முதல் படம் முடிந்த பிறகு எங்கே போவது என்பது, அது உங்களுக்குள் எதைத் தொட்டது என்பதைப் பொறுத்தது. நான் யார் என்று நிரூபிக்கும் காகிதங்களைப் பற்றிய அந்த யோசனை உங்களைத் துரத்துகிறது என்றால், தேஷிகஹாராவும் அபேயும் டாகேமிட்சுவும் மறுபடி சேர்ந்த 'தி ஃபேஸ் ஆஃப் அனதர்' (1966) காத்திருக்கிறது. விபத்தில் முகத்தை இழந்த ஒருவர் வேறொருவரின் முகத்தை முகமூடியாக அணிந்து, சொந்த மனைவியையே மயக்க முயலும் கதை. மணலும் நிழலும் ஒலியும்தான் பிடித்தன, அர்த்தம் எப்படியோ போகட்டும் என்றால், 'பேல் ஃபிளவர்' பார்த்துவிட்டு நேராக 'பிராண்டட் டு கில்' படத்துக்குப் போங்கள். முதல் அரை மணி நேரத்தில் யார் யாரைக் கொன்றார்கள் என்று பின்னால் நகர்த்தித் தேட வேண்டாம். சப்டைட்டிலில் ஒரு வரி தவறிப்போனாலும் விட்டுவிடுங்கள். ஹனாதாவின் நிலை சரியச் சரிய, படமும் அவனோடு சேர்ந்து சரிகிறது. முதலாம் எண் கொலையாளி அவனை உடனே கொல்லாமல் அவன் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, இருவரும் கை கோத்துக்கொண்டு நடமாடும் கட்டம் வரும்போது, சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்வீர்கள்.